வீரனாருக்கு சிமெண்ட் ஒத்துக்கொள்ளாது

எங்கள் ஊரில் சிமெண்ட் படாத பொருளைக் கண்டுபிடிப்பது சிரமம். வேலிக்கால் சிமெண்ட். மாட்டுத் தொட்டி சிமெண்ட். வேப்பமரத்து இலைகூட அடுத்த மழை வரும்வரை சாம்பல் நிறம்தான். அரியலூரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். அதனால் எங்கே பார்த்தாலும் ஆலை, லாரி, தூசி, அந்தத் தூசியில் வேலை. அப்பா பூவரசன் லாரியில் மூட்டை ஏற்றினார். அம்மா கலியம்மாள் கல்யாணமான நாளிலிருந்து சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை வேதியியல் படிக்க வைத்தார்கள். நான் படித்து முடித்து, ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் உட்கார்ந்து சிமெண்டைச் சோதிக்கிறேன். முன்னேற்றம் என்றால் இதுதான்.

இப்படி மூன்று வேளையும் சிமெண்டால் சாப்பிட்ட வீட்டிலிருந்துதான் ஒருநாள் அந்த அறிவிப்பு வந்தது. ஏரிக்கரை வீரனாருக்கு சிமெண்ட் ஒத்துக்கொள்ளாது.

"எனக்குக் கத்திரிக்கா ஒத்துக்காதுல்ல, அது மாதிரிதான்" என்றாள் அம்மா. "எனக்குத் தடிக்கும், அரிக்கும், நான் வாய்விட்டுச் சொல்லுவேன். அவரு என்னத்தச் சொல்லுவாரு? மூக்கக் கழட்டிப் போட்டுட்டாரு."

மூக்கு விழுந்தது உண்மை. பழைய வீரனார் முழுவதும் சுண்ணாம்புச் சுதை. வாளை மடியில் வைத்து, மீசையை முறுக்கி உட்கார்ந்திருந்தவர். அவர் இன்னும் நூறு வருஷம் தாங்க வேண்டும் என்று கோயில் குழு அவர்மேல் சிமெண்ட் பூசியது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. முதல் ஐப்பசி மழைக்கே மூக்கு கீழே கிடந்தது. குழு அதே சிமெண்டால் ஒட்டியது. அதே மூக்கு அதே இடத்தில் விழுந்தது. குழுத் தலைவர் செல்லதுரை மாமா, உரக்கடைக்காரர், விடாமுயற்சி உள்ளவர், பைபரில் ஒரு மூக்கு செய்து திருகாணி போடலாம் என்று யோசனை சொன்னார். கொஞ்ச காலம் மூக்கில்லாத சாமியின் முன்னால்தான் ஊர் காது குத்திக்கொண்டது.

அம்மாவின் முடிவு சரி. காரணம்தான் கத்திரிக்காய்.

ஆனால் அவள் அந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் மூக்கு இல்லை. அப்பாவுக்குக் கணையத்தில் நோய் வந்தது. திருச்சிக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன் பார்த்து முடித்த டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே என்ன என்று தெரிந்துவிடும். அன்று சாயங்காலம் அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து ஊருக்கு வந்த அம்மா, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஏரிக்கரையில் நின்று வேண்டிக்கொண்டாள். "இந்த மனுசன வூட்டுக்கு நடந்து வர வையி. ஒன்னைய என் கையாலயே சுண்ணாம்புல கட்டி உக்கார வைக்கிறேன்."

அப்பா வீட்டுக்கு வந்தார். நடந்து அல்ல.

கருமாதி முடிந்த மறுநாள் அம்மா குழுவிடம் போனாள். உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே கூட்டம். நானும் உடன் இருந்தேன்.

"தங்கச்சி, கேக்குறன்னு தப்பா நெனைக்காத" என்றார் செல்லதுரை மாமா. "நீ வேண்டுனது நடக்கல. அப்பறம் எதுக்கு அத நிறைவேத்துற?"

"வாக்குத் தவறுனது அவரு. நானும் கூடச் சேந்து தவறணுமா அண்ணே?"

மாமா கூலிக் கணக்கு எழுத நோட்டை எடுத்தார்.

"அதோட அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் அம்மா. "மூக்கும் இல்லாம, கண்ணும் சிமெண்டுல பொதைஞ்சு போயி இருக்குற ஆளுகிட்ட என்னத்தக் கேக்குறது? நல்ல மூஞ்சியா ஒண்ணு வக்கிறேன். கண்ணத் தொறக்கட்டும். நேருக்கு நேரா நின்னு கேக்குறேன்."

"என்னா கேப்ப?"

"அது எனக்கும் அவருக்கும்."

கூலி வேண்டாம் என்று அம்மா சொன்னதும் குழுவுக்குப் பக்தி பெருகியது. பைபர் மூக்கு யோசனை ஒருமனதாகக் கைவிடப்பட்டது.

அம்மா அதுவரை செய்திருந்த சிற்பம் ஒன்றே ஒன்று. கொத்தனார் வராத ஒருநாள், பக்கத்துத் தெரு இளவரசன் வீட்டு மாடிச் சுவரில் அவளே வைத்த சிங்கம். குழந்தைகள் அதைப் பூனை என்றார்கள். பெரியவர்கள் மரியாதையாக நாய் என்றார்கள். இந்த அனுபவத்தோடு அவள் கடவுளுக்கு முகம் வைக்கக் கிளம்பினாள்.

பழைய உருவத்தை உளியால் கொத்தி, சிமெண்டை உரித்து, உள்ளே இருந்த சுண்ணாம்பு உடம்புவரை போனாள். நெஞ்சும் கால்களும் ஓரளவு தப்பியிருந்தன. கழுத்துக்கு மேலே எல்லாம் புதிதாக வைக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு வெளியூர்க் காளவாயிலிருந்து வந்தது. அரியலூர்க் கல் மேல் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு வெளியூரிலிருந்து சுண்ணாம்பு. வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி அதைத் தாளித்தாள். தண்ணீர் பட்டதும் குழி கொதித்தது. கோழிகள் பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தன. அது ஆறி, புளித்து, வெண்ணெய் மாதிரி ஆகும்வரை மூடி வைத்தாள்.

இன்னொரு பக்கம் பானையில் கடுக்காயும் வெல்லமும் ஊறின. அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்பை அரைக்க வேண்டும். ஊற ஊற வாசனை தெருமுனைவரை போனது. அது எந்த வாசனை என்று எங்கள் தெருவில் ஆண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. செல்லதுரை மாமா மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, சாராய ஊறல் போட்டிருக்கியா? ஊரே மணக்குது."

"வீரனாருக்குத்தாண்ணே."

"அவருக்குன்னா சரி."

இதில் யாருக்கும் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

அரைப்பதற்குத் துணை ஆண்டாயி சின்னம்மா. பக்கத்து வீடு. அம்மாவோடு சித்தாள் வேலை பார்த்தவர். இருவரும் குளித்து, ஈரச் சேலையோடு கல்லுரலின் இரு பக்கமும் உட்காருவார்கள். அந்த மாதங்களில் அம்மா கவிச்சி தொடவில்லை. கிடாக்கறி தின்கிற சாமிக்காக அவள் சைவமாக இருந்தாள். அரைக்கும்போது பேசக்கூடாது என்பது இன்னொரு விதி. எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன்.

"எச்சி தெறிக்கும்" என்றாள்.

அம்மா வாயை மூடியிருந்தது என் ஆயுளில் அந்த நேரங்களில் மட்டும்தான். தூங்கும்போதுகூட அவள் யாரையாவது திட்டுவாள். உரலுக்கு முன்னால் உட்கார்ந்ததும் முகம் வேறாகிவிடும். கண் குழவியில். உதடு அசையாது. மந்திரம் எதுவும் சொல்கிறாயா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, கேட்க வேண்டியதைச் சொல் சொல்லாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். மற்றவர்கள் சாமியிடம் கேட்பதற்குக் கோயிலுக்குப் போவார்கள். அம்மா சாமியை அரைத்தே கேட்க இருந்தாள்.

ஆண்டாயி சின்னம்மாவுக்கு இந்த விதி ஒத்துவரவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன்."

அம்மா கையை உயர்த்தினாள்.

"இல்லக்கா, சாமி விஷயந்தான். நம்ம மருதாயி மருமவ இருக்குல்ல, அது நேத்து கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு..."

அம்மா எழுந்தாள். உரலில் இருந்த மொத்தச் சுண்ணாம்பையும் வழித்து ஒரு சட்டியில் போட்டாள். பேச்சு விழுந்த சுண்ணாம்பு சாமிக்கு ஆகாது. மறுபடி முதலிலிருந்து.

"அய்யோ அக்கா, இம்புட்டையுமா? நான் பாதிதான சொன்னேன்!"

வழித்துப் போட்டதை வீணாக்கவும் அம்மாவுக்கு மனம் வராது. அதை எடுத்துப்போய் மாட்டுக்கொட்டகைச் சுவரில் பூசினாள். சின்னம்மாவின் தயவில் எங்கள் கொட்டகை நாலு பக்கமும் வழுவழுவென்று, முகம் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. மருதாயி மருமகள் கதை எந்த இடம்வரை வந்தது என்று சுவரைப் பார்த்தே சொல்லலாம். எங்கள் மாடு மாதிரி ஒரு வீட்டில் குடியிருந்த மாடு மாவட்டத்தில் வேறு இல்லை.

அந்தச் சட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து நான் கனசதுரமாக வார்த்தேன். காயவிட்டு ஆய்வகத்தில் வைத்து நசுக்கினேன். கருவி சிரமப்படவே இல்லை. கோபம் வந்த குழந்தை உடைக்கக்கூடிய பலம். கருவி காட்டிய எண்ணை அம்மாவிடம் சொன்னேன்.

"வீரனாரு மேல லாரி ஏத்தப் போறியா?" என்றாள்.

"இல்ல. மழை பெய்யும்ல."

"பேஞ்சா நனைவாரு. நனைஞ்சா காயுவாரு. நீ நனையிறதில்லையா?"

முதலில் அவள் வைத்த மூக்கும் விழத்தான் செய்தது. தடிமனாக வைத்து அவசரப்பட்டாள். அடுத்து மீசை. கலவையில் பசை போதவில்லை என்று வெல்லத்தை அள்ளிப் போட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தால் ஊரில் உள்ள எறும்பெல்லாம் வீரனார் மீசையில். அவர் மீசை துடிக்கிறது என்று பார்க்கக் கூட்டம் வந்தது. செல்லதுரை மாமா பைபர் பேச்சை மறுபடி எடுத்தார். அம்மா மீசையை வழித்து, திட்டிக்கொண்டே, மறுபடி வைத்தாள். மெல்லிசாக ஒரு பூச்சு. அது இறுகியதும் இன்னொன்று. ஒவ்வொரு பூச்சுக்கும் முகத்தருகே போய் வாயால் ஊதுவாள். அடுப்பு ஊதுகிற மாதிரி இல்லை. குழந்தையின் கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவோமே, அப்படி.

முகம் வந்தது. சிங்கத்தைப் போல இல்லை. நாயைப் போலவும் இல்லை. நிதானமாக ஒரு கறாரான ஆளின் முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுப்பான வெள்ளை மேடு இரண்டு. கண் கடைசியில்தான். கீழ்ப்பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு, விளக்குக் கரியைக் குழைத்துக் கருவிழி எழுதுவது. அரைத்த கைதான் எழுத வேண்டும். எழுதும்வரை அவர் சாமி இல்லை. அம்மா வேலை செய்யும்போது அவர் தோளில்தான் சாப்பாட்டுப் பையை மாட்டுவாள். மடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். "கண்ணு தொறந்தப்பறம் முடியாதுல்ல" என்பாள்.

நிறத்துக்குக் கடைச்சாயம் கிடையாது. உடம்புக்கு ஓடையில் பொறுக்கிய காவிக்கல்லை உரசி எடுத்தாள். மீசைக்கு விளக்குக் கரி. வாள் உறைக்கு அவுரி நீலம். இடுப்புக் கச்சைக்குச் சிவப்பு என்று நினைத்திருந்தாள். அங்கேதான் செல்லதுரை மாமாவின் மனைவி சிவரஞ்சனி அத்தைக்குக் கனவு வந்தது. வீரனார் மஞ்சள் கச்சையோடு குதிரையில் போனாராம். தலைவரின் மனைவிக்கு வந்த கனவு, குழுத் தீர்மானத்துக்குச் சமம்.

"மஞ்சளாத்தான் இருக்கணும் தங்கச்சி. தெய்வ வாக்கு."

"சரிங்கண்ணே" என்றாள் அம்மா. இவ்வளவு சுலபமாக அவள் சரி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

குழு முழுவதும் கூடி நின்றது. அம்மா கிண்ணத்தில் மஞ்சள் கிழங்கை இழைத்து எடுத்துவந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். பச்சை மஞ்சள். சுத்தமான மஞ்சள். மட்டைத் தூரிகையில் தொட்டு, ஈரம் காயாத சுண்ணாம்புக் கச்சையில் ஓர் இழுப்பு இழுத்தாள்.

ரத்தம் மாதிரி சிவந்தது.

"என்னாம்மா இது, சேப்பா வருது?" மாமா ஓர் அடி பின்வாங்கினார்.

"கிண்ணத்துல மஞ்சள்தாண்ணே. நீங்களே பாருங்க. அவருக்கு எது புடிக்குதோ அதை எடுத்துக்குறாரு."

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எங்கள் ஊரில் ஆரத்தி கரைத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அந்த ஆரத்தியை வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொண்டு, பொட்டும் வைத்துக்கொண்டு, தட்டைக் கவனிக்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களுக்குத் தெரியாது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் தேங்காய்க்கு ஓடினார். மாமா கற்பூரம் ஏற்றினார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போனார்கள். ஆண்டாயி சின்னம்மா சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் பிடித்தது.

வீட்டுக்குப் போனதும் சிவரஞ்சனி அத்தை விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மாமா இரண்டு வாரம் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை.

முகம் காய்ந்தால் கண். அவ்வளவுதான் பாக்கி. அம்மா தினமும் போய்ப் புறங்கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். "இன்னும் சில்லுன்னு இருக்காரு." ஒரு காலை நானும் உடன் போனேன். கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை எழுதலாம் என்றாள்.

புதன்கிழமை மதியம் அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்தது. அரியலூருக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. டிரைவர் சைரனை நிறுத்தினார். நான் கேட்கவில்லை. அவரே நிறுத்தினார்.

இதற்கு மேல் இந்தப் பகுதியை எழுதத் தெரியவில்லை. எனக்கு எழுத வருவது சோதனை அறிக்கை மட்டும்.

கருமாதிக்கு வந்த செல்லதுரை மாமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார். உண்மையிலேயே அழுதிருந்தார். அழுத கண்ணோடேதான் விஷயத்துக்கு வந்தார்.

"மாசியில கும்பாபிஷேகம் வச்சுப்புடலாம்னு இருக்கோம். பெரம்பலூர்ல ஒரு பெயிண்டரு இருக்காரு. எனாமல். ஸ்ப்ரேயில அடிச்சாருன்னா பளபளன்னு இருக்கும். கண்ணுக்கு அச்சே வச்சிருக்காரு. ஒரே அழுத்து, ரெண்டு கண்ணும் ஒண்ணு போல வந்துரும்."

"அம்மா கண்ணு எழுதுறதுக்குன்னு விட்டு வச்சிருந்தாங்க மாமா."

"தெரியும் சத்யா. ஆனா அரைச்ச கை போயிருச்சே. நீ எழுதலாம்னு பாத்தா ஒனக்கு ஒரு வருசம் தீட்டு. அதோட அந்தக் கச்சை..." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊரு முன்னாடி என்னையக் கற்பூரம் காட்ட வச்சிருச்சு உங்கம்மா. அத மஞ்சளாக்கித்தான் ஆவணும்."

எனாமல் பூசினால் மறுபடி அதே கதை. கதவை அடைத்த மாதிரி. ஈரம், மழை, மூக்கு. ஆனால் எனக்குக் கவலை மூக்கு இல்லை. அச்சில் அழுத்திய கண்ணிடம் யார் என்ன கேட்க முடியும்? அம்மா சொல் சொல்லாகச் சேர்த்து வைத்திருந்தது கேட்கப்படாமலே போகும்.

"மஞ்சள்தானே வேணும் மாமா? பொறுங்க. தானா மஞ்சளாவாரு."

"எப்புடி?"

விளக்கினேன். முழுதாக விளக்கினேன். சுண்ணாம்பு காற்றை இழுத்துக் கல்லாக மாறும்போது அதன் காரத்தன்மை குறையும். குறைந்தால் சிவந்த மஞ்சள் பழைய நிறத்துக்குத் திரும்பும். பள்ளிக்கூடத்துப் பாடம்.

மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார். எந்த இடத்தில் கேட்பதை நிறுத்தினார் என்று தெரியவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். தானா ஆவாருங்குற?"

"ஆவாரு."

"ஆனாருன்னா பெயிண்டு வேணாம். அரைச்ச கை இன்னொண்ணு ஆண்டாயிகிட்ட இருக்கு, அது எழுதட்டும். காப்பு கட்டுறதுக்குள்ள ஆவலன்னா பெயிண்டரு வந்துருவாரு."

மறுநாள் பால் கடையில் ஒரு பெரியவர் என்னைக் கும்பிட்டார். கலியம்மா மகளுக்குக் கருமாதி வீட்டிலேயே வாக்கு வந்துவிட்டதாம். நான் சொன்னது வேதியியல். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அருள்.

சொல்லிவிட்டேனே தவிர எனக்கு உறுதி இல்லை. கல்லாவதற்குச் சுண்ணாம்பு நேரம் எடுக்கும். கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் காற்றை இழுக்கும். அந்த மார்கழியில் மழை இல்லை, காய்ந்த காற்று. ஆய்வகத்திலிருந்து பினாப்தலீன் கொஞ்சம் எடுத்துப்போனேன். காரம் இருக்கும் இடத்தில் பட்டால் இளஞ்சிவப்பாகும் கரைசல். வீரனாரின் முதுகுக்குப் பின்னால், மஞ்சள் தொடாத கச்சை முடிச்சில் ஒரு துளி விட்டேன். பளிச்சென்று சிவந்தது. இன்னும் நிறைய காரம் இருக்கிறது.

வேலைக்குப் போகும் முன் தினமும் ஏரிக்கரைக்குப் போனேன். தீட்டு என்று யாரும் தடுக்கவில்லை. கண் திறக்காதவரை அவர் சுவர்தான். சுவருக்குத் தீட்டு ஏது? சொம்புத் தண்ணீரை விரலால் தொட்டு, வழியாமல், ஊறாமல், கச்சையிலும் முகத்திலும் தெளிப்பேன். சிமெண்டுக்கு இதைச் செய்தால் பதப்படுத்துதல் என்று அறிக்கையில் எழுதுவோம். இங்கே ரோட்டில் போன பெண்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் திருத்தவில்லை. தெளிக்கும்போது நான் யாரிடமும் பேசுவதும் இல்லை. எச்சில் தெறிக்கும்.

அங்கே நின்று ஒருநாள் ஒரு கணக்கு மனதில் ஓடியது. கல் வேகும்போது அதிலிருந்து ஒரு காற்று போகிறது. சுண்ணாம்பாக அரைத்துப் பூசிய பிறகு, அதே காற்றை வெளியிலிருந்து இழுத்து மறுபடி கல்லாகிறது. மனிதர்கள் வெளியே விடும் மூச்சில் அந்தக் காற்று நிறைய உண்டு. அம்மா மூக்கையும் கன்னத்தையும் இமையையும் பூச்சுக்குப் பூச்சு ஊதி ஊதித்தான் வைத்தாள். ஆகவே அந்த முகத்தில் கல்லாகியிருப்பதில் ஒரு பங்கு அம்மாவின் மூச்சு. உணர்ச்சிவசப்பட்டு இதைச் சொல்லவில்லை. எடை இருக்கிறது. அதை அளக்கும் கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அதன்மேல் எனாமல் அடிக்கத் தேதி குறித்திருந்தார்கள்.

தை பிறந்தும் கச்சை சிவப்பு. கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அவ்வளவே. பெரம்பலூர் பெயிண்டர் வந்து அளவெடுத்துப் போனார். கண் அச்சை முகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். ஆண்டாயி சின்னம்மா அவரை விரட்டினார்.

"யோவ், கைய எடுய்யா! எங்கக்கா ஊதி ஊதி வச்ச மூஞ்சி அது. நீ என்னா ஊறுகா பாட்டிலுக்கு மூடி போடுறியா?"

அப்புறம் சில நாள் பனி இறங்கியது. ஏரியில் தண்ணீர் தெரியாத அளவுக்கு. நான் தெளிக்கத் தேவையே இல்லாமல் வீரனார் மெல்லிய ஈரத்தோடு இருந்தார். பனி விலகிய காலையில் சின்னம்மா ஓடிவந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"ஏ புள்ள! சேப்பு போயிருச்சுடி!"

போய்ப் பார்த்தேன். ஓரங்களில் மட்டும் செம்மண் சாயல். நடுவில் மஞ்சள். பழைய பருத்திச் சேலையின் மஞ்சள். முடிச்சில் மறுபடி பினாப்தலீன் துளி விட்டேன். நிறமே மாறவில்லை. கல்லாகிவிட்டார்.

செல்லதுரை மாமா வந்தார். ரொம்ப நேரம் கச்சையைப் பார்த்தார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "என் வூட்டுக்காரி கனவு பொய்க்கல!" எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தானா மஞ்சளானவருக்குப் பெயிண்டு அடிச்சா கை வெளங்குமா? பெயிண்டர வர வேணாம்னு சொல்லிரு."

இந்த மஞ்சளும் வெயிலில் நிற்காது, அடுத்த கோடைக்குள் வெளுத்துவிடும் என்று அவரிடம் சொல்லவில்லை. அதற்குள் அத்தைக்கு வெள்ளைக் கச்சையில் ஒரு கனவு வந்துவிடும். எனக்கு அந்த நம்பிக்கை உண்டு.

கண் திறந்த அன்று வீரனாரைச் சுற்றிப் படுதா கட்டினார்கள். எழுதும் ஆள் சாமியை நேரே பார்க்கக்கூடாது. கண்ணாடியை எதிரே பிடித்து, அதைப் பார்த்துக் கையைக் கொண்டுபோக வேண்டும். முதல் பார்வை கண்ணாடியில் விழும். அதன்பின் பசுமாடு, அதன்பின் ஊர். பசுமாடு எங்களுடையது. கொட்டகைச் சுவர் சாமி சுண்ணாம்பு என்பதால் அதற்குத்தான் தகுதி என்று குழு முடிவு செய்திருந்தது. நான் தீட்டுக்காரி. கண் எழுதும் நேரத்திலிருந்து அவர் சாமி. ஆகவே படுதாவுக்கு அருகே போகக்கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

ஆண்டாயி சின்னம்மா ஈரச் சேலையோடு விளக்குக் கரிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஆண்டாயி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. மயக்கம் போட்டுவிட்டாரா என்று செல்லதுரை மாமா படுதாவை விலக்கப் போனார். யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

பிறகு படுதா விலகியது. பசு போனது. பார்த்தது. சாணி போட்டது. நல்ல சகுனம் என்றார்கள்.

பசு நகர்ந்ததும் எனக்கு நேரே அவர் தெரிந்தார். கண் இரண்டும் ஒன்று போல இல்லை. இடது கண் கொஞ்சம் பெரிது. அச்சில் வராத கண்கள். அவை ரோட்டைத் தாண்டிப் பார்த்தன.

தூரத்தில் நின்று கேட்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. அம்மாவின் கேள்வி எனக்குத் தெரியும். அவள் சொன்னதில்லை, ஆனால் வேறு என்ன இருக்க முடியும்? அப்பா ஏன் நடந்து வரவில்லை. மேளச் சத்தத்தில் வாய்விட்டே கேட்டேன். அம்மாவுக்காகக் கேட்பதாகச் சொல்லிவிட்டுக் கேட்டேன். பிறகு என் பங்குக்கு ஒன்று. புதன்கிழமை எதற்கு, வெள்ளிக்கிழமைவரை பொறுக்க முடியாமல் என்ன அவசரம் என்று.

அவர் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கும் விழவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னம்மா என்னிடம் வந்தார். விரலெல்லாம் கரி. முகத்திலும் ஒரு கீற்று.

"கேட்டியாடி?"

"கேட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"கண்ணு இன்னும் ஈரமா இருக்கு சின்னம்மா" என்றேன். "காயட்டும்."